நஞ்சு காய்ச்சிய லொகுஸ்தாவும் நம் பிள்ளைகளின் விளையாட்டும்

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் நம் ரயில்வே குடியிருப்பில் இளைஞர் ஐந்தாறு பேர் ஒரு வீட்டுக் கூடத்தில் கூடி விளையாடுவதை அன்பர்கள் சிலர் கண்டிருக்கலாம். அது சீட்டாட்டம் அன்று; சதுரங்கமும் அன்று. ஒருவர் கதை சொல்கின்றார். ஏனையோர் ஒவ்வொருவரும் அக்கதையில் ஒரு பாத்திரமாகி, "நான் கதவைத் திறக்கின்றேன்", "நான் காவலனிடம் பேச்சுக் கொடுக்கின்றேன்" என்று உரைக்கின்றனர். எண்ணியது கைகூடுமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை தீர்மானிக்கின்றது. 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் பெயரோடு 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கி வெளியிட்ட விளையாட்டு இது. இன்று உலகெங்கும் பரவியிருக்கின்றது. தாயக்கட்டையும் சோழியும் உருட்டிய பாட்டிமார் இருக்கும் வீடுகளில், பகடையின் ஓசையைக் கேட்டு யாரும் திடுக்கிடப் போவதில்லை.

ஆடுவோர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் உண்டு. வலிமை, லாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்னும் ஆறு குணங்களுக்கு அதில் எண்கள் இடவேண்டும். பழைய முறைப்படி ஆறுமுகப் பகடை மூன்றைச் சேர்த்து உருட்டினால் 3 முதல் 18 வரை ஏதேனும் ஓர் எண் விழும். அதுவே அக்குணத்தின் அளவு. தொழில், ஒழுக்கநெறி, கைப்பொருள், ஆயுதம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கின்றது. பகல் முழுவதும் பாரங்களை நிரப்பிப் பிழைக்கும் குமாஸ்தாவாகிய நமக்கு, அந்தத் தாளைக் கண்டதும் ஊழியர்களின் சர்வீஸ் புத்தகமே நினைவுக்கு வந்தது. பிறந்த தேதி, சேர்ந்த தேதி, ஊதிய விகிதம், பெற்ற தண்டனை யாவும் அதில் இருக்கும். அந்த மனிதர் யாருக்கு அஞ்சி எந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டார் என்பதற்கு மட்டும் அதில் கட்டம் கிடையாது.

அக்குழுவில் கல்லூரியில் பயிலும் பெண்ணொருத்தி, தன் பாத்திரமாக லொகுஸ்தா என்னும் ரோமாபுரி நஞ்சுக்காரியைத் தேர்ந்துகொண்டாள். பச்சை அங்கி, இடைக்கச்சையில் வரிசையாகக் குப்பிகள், தோளில் ஒரு நாகம், இருளில் மறையும் ஆற்றல் என்று வெகு சிரத்தையாக எழுதி, படமும் வரைந்திருந்தாள். செய்தி வெளியே பரவவே சிறு சலசலப்பு எழுந்தது. "விஷம் வைத்தவளையா விளையாட்டில் நாயகியாக்குவது?" என்று தாய்மார் சிலர் வருந்தினர். அவளோ தாளை எடுத்துவந்து, "அண்ணா, நீங்கள் சரித்திரம் படிப்பவராயிற்றே, இதில் என்ன குறை, சொல்லுங்கள்" என்று நம்மிடம் நீட்டினாள். நாம் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவர். ஆயினும் பழைய ரோம வரலாறுகளின் ஆங்கில மொழிபெயர்ப்புகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகின்றோம். ஆகவே அந்தத் தாளையும் நூல்களையும் அருகருகே வைத்துப் பார்க்க முற்பட்டோம்.

லொகுஸ்தாவின் செய்திகளை நமக்குத் தருவோர் முக்கியமாக மூவர்: டாசிடஸ், சூடோனியஸ், டியோ காசியஸ். முதலிருவர் எழுதியது அவள் மாண்டு அரை நூற்றாண்டு கழிந்தபின். மூன்றாமவர் அதற்கும் நெடுங்காலம் பிற்பட்டவர். அவளுடைய பெற்றோர் யார், எவ்வூரிற் பிறந்தாள், தோற்றம் எத்தகையது என்பனவற்றை இம்மூவரும் கூறவில்லை. பச்சை அங்கிக்கும் நாகத்துக்கும் ஆதாரம் கிடையாது, தடையும் கிடையாது. பெயர் மட்டும் சற்று வியப்பானது. லத்தீன் மொழியில் 'லொகுஸ்தா' என்றால் வெட்டுக்கிளி. கடலில் வாழும் பெரிய இறால் வகைக்கும் அதுவே பெயர்.

கி.பி. 54-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள் சக்கரவர்த்தி கிளாடியஸ் இறந்தார். அரியணை ஏறிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய நான்காவது மனைவி அக்ரிப்பினா. அவளுக்கு முன்கணவனிடம் பிறந்த மகன் நீரோ. கிளாடியஸின் சொந்த மகன் பிரித்தானிக்கஸ் வளர்ந்து வருகின்றான். அவன் பருவமெய்துமுன் காரியம் முடியவேண்டும் என்பது அக்ரிப்பினாவின் கணக்கு. உடனே கொல்லும் நஞ்சு குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும். மிக மெதுவாகக் கொல்லும் நஞ்சோ கணவனுக்குச் சிந்திக்க அவகாசம் தந்துவிடும். அறிவைக் கலக்கி, சாவைச் சற்றே தாமதிக்கச் செய்யும் நடுத்தரமான ஒன்று வேண்டும். அதற்கு ஆள் தேடியபொழுது லொகுஸ்தா கிடைத்தாள் என்கின்றார் டாசிடஸ்.

இவ்விடத்தில் அவர் போகிற போக்கில் சொல்லும் செய்தியை நாம் இரண்டு முறை படித்தோம். லொகுஸ்தா அப்பொழுதே நஞ்சிட்ட குற்றத்துக்காகத் தண்டனை விதிக்கப்பெற்றவள். தண்டனையை நிறைவேற்றாமல், ஆட்சிக்குப் பயன்படும் கருவிகளுள் ஒன்றாக அவளை அரசு நெடுநாள் வைத்துக்கொண்டிருந்தது. கிடங்கில் ஒரு சாமான் இருப்பதைப் போல!

அவள் காய்ச்சிக் கொடுத்தாள். அதைக் காளான் உணவில் தடவி வைத்தவன் ஹாலோதஸ். அரசர் உண்ணுமுன் உணவைச் சுவைத்துப் பார்ப்பதே அவன் உத்தியோகம். முதல் முயற்சி பலிக்காமற் போகவே, வாந்தி வருவிப்பது போல் நடித்து, நஞ்சு தோய்ந்த இறகைத் தொண்டையில் விட்டவர் அரண்மனை வைத்தியர் செனபோன் என்பது டாசிடஸ் கேட்ட கதை. காளானே நஞ்சு என்று பலர் எண்ணுகின்றனர். 'அமானிடா ஃபலாய்ட்ஸ்' என்னும் கொடிய காளானைத் தின்றவருக்கு வேதனை தொடங்கவே பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்கு மேலாகும். சாவு பல நாள் கழித்து வரும். கிளாடியஸோ மறுநாள் காலைக்குள் முடிந்துவிட்டார். எனவே காளான் ஏனம் மட்டுமே என்று டாசிடஸ் சொல்வது பொருந்துகின்றது. 63 வயதான நோயாளி இயற்கையாகவே இறந்திருக்கலாம் என்று கருதும் ஆராய்ச்சியாளரும் உளர். அதையும் அந்தப் பெண்ணிடம் சொன்னோம். விளையாட்டுக்கு அது சுவை கூட்டும் என்று அவள் மகிழ்ந்தாள்.

அடுத்த ஆண்டு, 55-இல், பிரித்தானிக்கஸின் முறை வந்தது. பதினான்கு வயது நிறைய இன்னும் சில நாட்களே இருந்தன. நீரோவுக்கே அப்பொழுது பதினேழுதான். லொகுஸ்தா யூலியஸ் போலியோ என்னும் படைத்தலைவனின் காவலில் இருந்தாள். அவள் கொடுத்த முதல் மருந்து சிறுவனின் வயிற்றைக் கலக்கியதோடு நின்றுவிட்டது. நீரோ அவளை வரவழைத்துத் தன் கையாலேயே அடித்தான் என்று சூடோனியஸ் எழுதுகின்றார். நஞ்சு கேட்டால் மருந்தா கொடுத்தாய் என்று சீறினான். குற்றம் வெளிப்படாதிருக்க அளவைக் குறைத்தேன் என்றாள் அவள். சட்டத்துக்கு நானா அஞ்சுவேன் என்று ஏளனம் செய்து, தன் அறையிலேயே, தன் கண்ணெதிரிலேயே காய்ச்சும்படி கட்டளையிட்டான். ஆட்டுக்குட்டி ஒன்றுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அது சாக ஐந்து மணி நேரமாயிற்று. மீண்டும் மீண்டும் சுண்டக் காய்ச்சிப் பன்றிக்குட்டிக்குக் கொடுத்தார்கள். அது அங்கேயே விழுந்தது.

அன்று விருந்தில் நடந்ததை டாசிடஸ் விவரிக்கின்றார். பிரித்தானிக்கஸுக்கும் சுவைத்துப் பார்க்கும் ஆள் உண்டு. அவனும் இறந்தால் சூது வெளிப்படும். ஆதலால் நஞ்சில்லாத பானத்தையே மிகச் சூடாக வைத்தார்கள். சுவைப்பவன் பருகினான், ஒன்றும் ஆகவில்லை. சிறுவன் சூடு தாங்காமல் மறுத்தான். ஆற்றுவதற்கென்று ஊற்றிய குளிர்ந்த நீரில் இருந்தது நஞ்சு. மறுகணம் பேச்சும் மூச்சும் நின்றன. இது அவனுக்குக் குழந்தைப் பருவமுதல் வரும் வலிப்பு, சற்று நேரத்தில் தெளியும் என்று சொல்லிவிட்டு, சாய்ந்தபடியே இருந்தான் நீரோ. விருந்து தொடர்ந்தது.

லொகுஸ்தாவுக்கு மன்னிப்பும், பெரிய நிலங்களும் கிடைத்தன. அவளிடம் தொழில் கற்க மாணவர்களையும் அனுப்பினான் நீரோ. பதின்மூன்று ஆண்டுகள் சென்றபின், 68-இல் அரசு கைவிட்டுப் போகும் வேளையில், அவளிடம் பெற்ற நஞ்சைப் பொற்சிமிழ் ஒன்றில் தனக்காக வைத்திருந்தான். ஊழியர்கள் ஓடிப்போகும்பொழுது அந்தச் சிமிழையும் தூக்கிக்கொண்டு போய்விட்டனர்; கடைசியில் குத்துவாளைத்தான் நாடவேண்டியதாயிற்று.

இனித் தாளுக்கு வருவோம். தொழில் என்னும் கட்டத்தில் அந்தப் பெண் 'கொலையாளி' என்று எழுதியிருந்தாள். இவ்விளையாட்டின் 1978-ஆம் ஆண்டு விதிநூலில் கொலையாளி என்பது தனித் தொழிலாகவே இருந்தது. அதை மேற்கொள்பவர் தீயவராகத்தான் இருக்கவேண்டும் என்றும் விதி. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அத்தொழிலை நீக்கினார்கள். 2014-இல் அது கள்வர் தொழிலின் ஒரு கிளையாக, மாறுவேடப் பெட்டியும் நஞ்சுப் பெட்டியும் கையாளும் தேர்ச்சியோடு இடம்பெற்றது. ஆனால் லொகுஸ்தா சுவரேறிக் குதித்தவள் அல்லள். இருளில் மறைந்து யார் முதுகிலும் குத்தியவள் அல்லள். காவலில் உட்கார்ந்திருந்தாள், கேட்டதைக் காய்ச்சினாள். ஆகவே லாவகத்துக்கு இட்டிருந்த 18-ஐக் குறைத்து, அறிவையும் விவேகத்தையும் கூட்டச் சொன்னோம். வலிமைக்கு எதுவானாலும் சரி. அடி வாங்கியும் உடனே அடுப்பருகில் நின்றாள் அல்லவா? உடலுறுதிக்கு நல்ல எண்ணாகவே இடலாம்.

நஞ்சின் விதியும் அவளுக்குப் பொருந்தவில்லை. 1974-ஆம் ஆண்டு விதிப்படி பகடை தவறினால் சாவு. 2014-ஆம் ஆண்டு விதியிலோ சாதாரண நஞ்சுக் குப்பி ஒன்றின் விலை 100 பொற்காசு. தாக்குண்டவர் உடலுறுதிப் பகடையில் 10 எடுத்துவிட்டால் தப்பினார். தவறினால் நான்குமுகப் பகடை காட்டும் அளவு சேதம். இரண்டிலும் நஞ்சு என்பது வாளின் ஓரத்தில் தடவும் எண்ணெய்தான். லொகுஸ்தாவின் வித்தையோ அளவிலும் நேரத்திலும் இருந்தது. அக்ரிப்பினாவுக்கு மெதுவானது வேண்டும். நீரோவுக்கு விரைவானது வேண்டும். விரைவைக் கூட்டினால் சந்தேகமும் கூடுகின்றது. மறைவைக் கூட்டினால் ஆள் பிழைத்துக்கொள்கின்றான். நீரோவின் முன் அவள் சொன்ன சமாதானம் முழுவதும் இதுதான். ஆதலின் இரண்டு பகடை உருட்டலாம் என்று யோசனை சொன்னோம்: ஒன்று நஞ்சின் வேகத்துக்கு, மற்றொன்று விருந்தினரின் ஐயத்துக்கு. ஒன்றிற் சேர்க்கும் எண்ணை மற்றொன்றிலிருந்து கழிக்கவேண்டும். குழுவினர் இதைப் பெரிதும் விரும்பினர்.

ஒழுக்கநெறி என்னும் கட்டத்தில்தான் எல்லோரும் மாட்டிக்கொண்டோம். இவ்விளையாட்டில் அதற்கு ஒன்பது பிரிவுகள். சட்டத்துக்கு அடங்கியவர், அடங்காதவர், இடைப்பட்டவர் என்று ஒரு திசையில் மூன்று. நல்லவர், தீயவர், இடைப்பட்டவர் என்று மறுதிசையில் மூன்று. தீயவள் என்பதில் வழக்கில்லை. சட்டத்துக்கு அடங்கியவளா? சட்டம் அவளைத் தண்டித்தது. சட்டத்தின் தலைவனே அவளை ஏவினான். மன்னிப்பும் சட்டப்படி வந்தது. ஒரு மணி நேரம் வாதாடிய பின்னர், அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவதென்று முடிவாயிற்று. அரசாங்கப் பாரமாயிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

தாளில் உண்மையாகக் குறைவது வேறொன்று என்பது நம் கருத்து. அதைத்தான் வருத்தப்பட்ட தாய்மாருக்கும் கூற விரும்புகின்றோம். பிள்ளைகள் இதனால் நஞ்சு காய்ச்சக் கற்றுவிடமாட்டார்கள். ரோம ஆசிரியர்களே பக்குவத்தை எழுதிவைக்கவில்லை. அஞ்சவேண்டுவது, குப்பியும் நாகமும் ஏந்திய ஒருத்தியே அத்தனையையும் செய்தாள் என்று அவர்கள் மனத்திற் பதிந்துவிடுமே என்பதற்கு. கிளாடியஸ் சாவில் ஏவியவள் ஒருத்தி, காய்ச்சியவள் ஒருத்தி, பரிமாறியவன் ஒருவன், இறகு விட்டவர் ஒருவர். பிரித்தானிக்கஸ் சாவில் காவல்காத்த படைத்தலைவனும், குளிர்ந்த நீர் ஊற்றியவனும் கூடுகின்றனர். மாயக்கதையின் நஞ்சுக்காரிக்கு எவ்வளவு ஆற்றலை ஏற்றுகின்றோமோ, அவ்வளவு பளு நீரோவின் தோளிலிருந்து இறங்குகின்றது. ஆகையால் ஒரு தாள் போதாது, ஐந்தாறு தாள் எழுதுங்கள் என்றோம். லொகுஸ்தாவின் தாளில் 'யாருடைய காவலில்' என்று ஒரு கட்டம் புதிதாகச் சேர்க்கவும் சொன்னோம். ஒவ்வொரு முறை அவள் மறுக்க முயன்றாலும் கதை சொல்பவர் அந்தக் கட்டத்தைப் பார்த்துப் பகடை உருட்டட்டும்.

அவளை உத்தமியாக்க நாம் முனையவில்லை. அக்ரிப்பினா அழைக்குமுன்பே நஞ்சிட்டுத் தண்டிக்கப்பட்டவள் அவள். நிலங்களைப் பெற்றுக்கொண்டாள். மாணவர்களைச் சேர்த்துக்கொண்டாள். ஜுவனல் என்னும் ரோமக் கவிஞர் தம் முதல் வசைப்பாட்டில் கணவர்க்கு நஞ்சிடும் சீமாட்டி ஒருத்தியைக் காட்டி, அவளை லொகுஸ்தாவோடு ஒப்பிடுகின்றார். அதற்குள் அவள் பெயர் ஓர் அளவுகோலாகிவிட்டது. இக்காலத்தில் இணையதளங்களில் அவள் சாவைப் பற்றி ஒட்டகச்சிவிங்கியைச் சேர்த்து ஆபாசமான கதையொன்று உலவுகின்றது. பழைய ஆசிரியர் எவரும் அப்படி எழுதவில்லை.

பெண்ணுக்கு நஞ்சைச் சூட்டிப் பார்ப்பதில் மனிதர்க்கு என்ன ஆசையோ! ஜப்பானியரின் 'ஃபேட்' என்னும் கதைகளிலும் விளையாட்டுகளிலும் செமிராமிஸ் என்னும் அசீரிய அரசி உலகின் முதல் நஞ்சுக்காரியாக வருகின்றாள். அவளுக்கு மூலமான ஷம்முராமத் என்னும் அரசி கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்தவள். அவள் பெயர் பொறித்த கல்லில் கணவன் பெயரும் மகன் பெயரும் உண்டு, நஞ்சு இல்லை. கிரேக்கர் டியோடோரஸ் புனைந்துரைத்த வரலாற்றில், எருதுத் தோல்களைத் தைத்துப் பொய் யானைகள் செய்து, உள்ளே ஒட்டகங்களை நிறுத்தி, சிந்து நதியைக் கடந்து நம் நாட்டின்மீதே படையெடுத்துத் தோற்றோடுகின்றாள். விளையாட்டுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? விசாகதத்தரின் 'முத்ராராட்சசம்' என்னும் வடமொழி நாடகத்தில், சந்திரகுப்தனைக் கொல்ல அனுப்பிய விஷகன்னிகையைச் சாணக்கியர் பர்வதகன்பால் திருப்பிவிடுகின்றார். சாணக்கியருக்குப் புகழ் உண்டு, ராட்சசனுக்குப் பெயர் உண்டு. அந்தக் கன்னிக்குப் பெயர்கூட இல்லை.

லொகுஸ்தாவின் முடிவை டியோ காசியஸ் கூறுகின்றார். நீரோவுக்குப்பின் அரசேற்ற கால்பா, ஹீலியஸ், பாத்ரோபியஸ் முதலிய நீரோவின் ஆட்களோடு அவளையும் சங்கிலியிட்டு நகரம் முழுவதும் நடத்திச் சென்று கொல்வித்தார். ஊர் மக்கள் மகிழ்ந்திருப்பார்கள். ஆயினும் சூடோனியஸ் எழுதிய கால்பாவின் வரலாற்றைப் புரட்டினால் வேறொரு பெயர் எதிர்ப்படுகின்றது. நீரோவின் கூட்டத்திலே மிகக் கொடியவர் எனப்பட்டோருள் கால்பா தப்பவிட்டவர் இருவர். அவர்களில் ஒருவன் ஹாலோதஸ். கிளாடியஸுக்குக் காளான் பரிமாறிய அதே ஹாலோதஸ்! தப்பவிட்டது மட்டுமன்று, அவனுக்கு மிகப் பெரிய நிருவாகப் பதவி ஒன்றையும் கொடுத்தார் கால்பா. இதைச் சொன்னபொழுது இளைஞர் குழு சற்று நேரம் பகடையைத் தொடவில்லை. பின்னர் அவர்களுள் ஒருவன் ஹாலோதஸின் தாளை நானே எழுதுகின்றேன் என்று வாங்கிக்கொண்டான்.

கதை எங்கே தொடங்குவது என்பது இன்னும் தீரவில்லை. அரண்மனை விருந்தில் தொடங்க விரும்புவோர் உளர். நாம் சொன்னது வேறு. சூடோனியஸ் குறிப்பிடும் அந்த மாணவர்கள் எத்தனை பேர், ஆணா பெண்ணா, பின்னர் எங்கே போயினர் என்று எந்த ஏட்டிலும் இல்லை. ஆசிரியையைச் சங்கிலியிட்டு இழுத்துச் சென்ற அன்றிரவு, நகருக்கு வெளியே அவளுடைய நிலத்து வீட்டில் அவர்கள் கூடியிருக்கின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுப்பு இன்னும் சூடாயிருக்கின்றது. வாயிலில் குதிரைகளின் குளம்போசை கேட்கின்றது. வருவது கால்பாவின் காவலரோ, புதுப்பதவி பெற்ற ஹாலோதஸின் ஆளோ, பகடைக்குத்தான் தெரியும்.